மடியில் ஒரு கேன் டீசல்

யானோவின் ஜீப்னி வண்டியில் எலி டீசல் ஹோஸைக் கடித்த கதையைச் சொன்னால் லுமாயோங்கில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பன்றிக் கொழுப்பை எடுத்து ஹோஸில் தேய்த்த மனுஷரைப் பார்த்துச் சிரிக்காமல் மாலையா போடுவார்கள்? ஆனால் அந்தச் சனிக்கிழமை அந்த வண்டிக்குள் இருந்தவர்கள் யாரும் அந்தக் கதைக்குச் சிரிப்பதில்லை.

சிப்ரியானோ என்பது ஞானஸ்நானப் பெயர். ஊருக்கு யானோ. இருபத்துநாலு வருஷமாக லுமாயோங்கிலிருந்து தபுக் நகரத்துக்கு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர். வண்டியின் நெற்றியில் 'மூன்று சகோதரிகள்' என்று தன் மூன்று பெண்களைச் சிவப்பு எழுத்தில் ஏற்றி வைத்திருந்தார். கூரைமேல் மூட்டையும் ஆட்களும் ஏறி வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலும், சாலையோரம் கை நீட்டியவரை விட்டுவிட்டுப் போனதாகச் சரித்திரம் கிடையாது. "இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு, எல்லாரும் மூச்சை உள்ள இழுங்க" என்பார். இடம் கொடுப்பதில்தான் இந்தத் தாராளம். உதிரி பாகம் வாங்கச் சொன்னால் எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார். ஹாரன் கெட்டுப்போன வருஷம் முழுக்க வளைவுக்கு வளைவு வாயாலேயே கத்திக்கொண்டு ஓட்டினார்.

டீசல் ஹோஸும் அந்தக் கதைதான். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ஹோஸ் வெடித்ததும், உடைத்துப் போட்ட ஒரு பழைய லாரியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். அது மரக்கட்டைபோல் விறைத்திருந்தது. டேங்கின் குழாய் முனையில் ஏற மறுத்தது. வீட்டில் அவர் மனைவி அடுப்புக்குமேல் புகையில் தொங்கிய உப்புப் பன்றிக்கறியை இறக்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சோப்பு கொண்டாரட்டுமா?" என்றாள்.

"வழவழன்னு இது கையிலேயே இருக்கும்போது சோப்பு எதுக்கு?" என்று ஒரு துண்டுக் கொழுப்பைப் பிடுங்கிக்கொண்டு போனார். தேய்த்ததும் ஹோஸ் சொன்னபடி கேட்டு ஏறியது. பிசுக்குக் கையையும் ஹோஸிலேயே ஒரு முழ நீளத்துக்குத் துடைத்தார். அன்றைக்கு அந்தச் சாமர்த்தியத்தை நாலு பேரிடம் சொல்லிப் பெருமையடித்தும் ஆயிற்று.

அடுத்த வாரம் போதோங் அறுந்தது.

லுமாயோங்குக்கும், தபுக் போகிற வழியில் இருக்கும் மலாகிப் ஊருக்கும் நடுவில் போதோங் என்கிற அந்தச் சமாதானக் கட்டு முப்பது வருஷம் நின்றது. இவர்கள் ஆளுக்கு அவர்கள் எல்லையில் ஒரு கீறல் விழுந்தாலும் அவர்கள் பொறுப்பு, இங்கேயும் அப்படியே. தபுக்கில் ஒரு குடிக்கடைச் சண்டையில், யானோவின் தம்பி தியோவுடைய மகன் ரெனாட்டோ, ஹோமர் என்கிற மலாகிப்காரனை வயிற்றில் குத்திவிட்டான். ஹோமர் அரசு மருத்துவமனையில், ரெனாட்டோ போலீஸ் காவலில். மூன்றாம் நாள் மலாகிப்பின் பெரியவர்கள் செய்தி அனுப்பினார்கள். சனிக்கிழமை நண்பகல் எங்கள் கோயில் மணி அடிக்கிறவரை கட்டு செல்லும், அதற்குள் அவரவர் எல்லைக்குப் போய்ச் சேருங்கள். மணிக்குப் பிறகு எங்கள் மண்ணில் அகப்படுகிற உங்கள் ஆண்பிள்ளைக்கு நாங்கள் பொறுப்பில்லை, உங்கள் மண்ணில் அகப்படுகிற எங்கள் ஆளுக்கு நீங்களும் பொறுப்பில்லை.

பொறுப்பில்லை என்றால் என்ன என்பது கலிங்கா மலைநாட்டில் குழந்தைக்கும் தெரியும். குத்தினவன் கம்பிக்குப் பின்னால் இருப்பதால் கண் முதலில் போவது அவன் அப்பன்மேல், அடுத்தது பெரியப்பன்மேல். பெரியப்பன் யானோ.

தபுக்கில் இருந்த அண்ணனுக்குத் தியோ ஊரிலிருந்து மூன்று தடவை போன் செய்தான். "வியாழக்கிழமையே வந்துரு மனோங். சனிக்கிழமை வரைக்கும் இழுக்காத."

"நம்ம ஊர்ப் பெரியவர் லிங்காயோ அமா இடுப்பு ஆபரேஷன் ஆகி இங்க கிடக்காரு. சனிக்கிழமை காலையிலதான் விடுவாங்க. என் வண்டியை விட்டா நம்ம ஊருக்கு எந்த வண்டி வரப்போகுது?"

"அவருக்காக நீ சாகணுமா?"

"கிழவரை அங்க விட்டுட்டு ஓடி வந்தா இருபத்துநாலு வருஷம் நான் ஓட்டினது வண்டியா, வண்டி மாதிரி என்னவோவா? போனை வை."

சனிக்கிழமை விடிந்ததும் தபுக் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கோழியை அறுத்துப் பித்தப்பையைப் பார்த்தார். நல்ல திரட்சியாக, ஈரலைப் பாதி மூடிக்கொண்டு இருந்தது. இதைவிட நல்ல பயணக் குறி கேட்டாலும் கிடைக்காது. வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு டீசல் கறை இருந்தது. நேற்று ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்று காலால் மண்ணைத் தள்ளி மூடினார். குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். கோழி நல்ல செய்தி சொன்ன பிறகு யார் குனிகிறார்கள்? பித்தப்பை ஹோஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மிஷன் மருத்துவமனையில் காகிதம் எழுதி முடிக்க எட்டு மணி ஆகிவிட்டது. எழுபத்தாறு வயது லிங்காயோவை நீளப் பலகைமேல் படுக்கவைத்து, பலகையை வண்டியின் பக்கவாட்டு இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்கள். அவர் ஊருக்கு அமா, அப்பன் முறை; அவர் மனைவி சுவாயா இனா, ஆத்தாள் முறை. அவள் கீழே உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். வேறு ஆள் இல்லை. லுமாயோங்காரர்கள் எல்லாரும் முன்பே ஊர் போய்விட்டார்கள்.

பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது, மலாகிப்புக்கு மேலே ஏற்றத்தில், வண்டி இரண்டு தடவை விக்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மூன்றாவது விக்கலில் இன்ஜின் நின்றுவிட்டது. எல்லைப் பாலத்துக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். அந்தப் பாதையில் ஓடுகிற வண்டிக்கே அரை மணி நேரம் பிடிக்கும்.

கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்து, அடியில் படுத்துப் பார்த்தார். ஹோஸை எலி பதம் பார்த்திருந்தது. ஒரு கடி, இரண்டு கடி இல்லை. டேங்க் முனையிலிருந்து ஒரு முழத்துக்கு, பிசுக்குக் கை துடைத்த இடமெல்லாம் பல் பதிந்திருந்தது. இரண்டு இடத்தில் ஓட்டை. அங்கே டீசல் சொட்டியது. அதைவிட மோசமாக, இன்ஜின் இழுக்கும்போது காற்று உள்ளே போயிருக்கிறது. டீசல் வண்டிக்குக் காற்றைவிடக் கெட்ட எதிரி இல்லை.

படுத்த நிலையிலேயே தன் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னாச்சு யானோ?" என்றாள் சுவாயா.

"எலி, இனா."

"எலி என்னத்தைத் தின்னுச்சு?"

"என் புத்தியை."

எழுந்தபோது மேலே வளைவின் தடுப்புச் சுவரில் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இடுப்பில் வெட்டுக்கத்தி. பெர்னாபே. ஹோமரின் கூடப்பிறந்த அண்ணன். பதினைந்து வருஷமாக யானோ வண்டியில் காப்பிக்கொட்டை மூட்டை ஏற்றி அனுப்புகிறவன்.

பெர்னாபே மெதுவாக இறங்கி வந்தான். "நின்னுருச்சா, மனோங்?"

"நின்னுருச்சு."

"மணி பதினொண்ணு ஆகப்போகுது."

"தெரியும்."

பெர்னாபே உள்ளே எட்டிக் கட்டிப்போட்ட கிழவரைப் பார்த்தான், பிறகு அடியில் குனிந்து ஹோஸைப் பார்த்தான். "உங்க வண்டி நின்ன சத்தம் கேட்டதும் எங்க ஆளுங்களை வீட்டுக்குள்ளயே இருங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். மணி அடிக்கிற வரைக்கும் உங்க மேல ஒரு தூசு விழுந்தாலும் எங்க ஊருக்கு அசிங்கம். அடிச்சதுக்கப்புறம் என்கிட்ட எதையும் எதிர்பார்க்காதீங்க."

"நியாயம்."

"நியாயமோ என்னமோ. வேலையைப் பாருங்க."

ஹோமர் எப்படி இருக்கிறான் என்று கேட்க வேண்டும். ஒரு வார்த்தைதான். குத்தினவனின் பெரியப்பன் எந்த முகத்தோடு கேட்பது? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனார்.

முதலில் பழைய டியூப் ரப்பரை நாடாவாகக் கிழித்து, ஓட்டைகளின்மேல் இழுத்து இழுத்துச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார். பில்டர்மேல் இருக்கும் கைப்பம்பைப் பெர்னாபே அழுத்த, காற்றெடுக்கிற திருகை யானோ தளர்த்தினார். நுரைதான் வந்தது. ஐம்பது தடவை அழுத்தியும் நுரை நிற்கவில்லை. வயசான ரப்பர், ஒரு ஓட்டையை அடைத்தால் வேறொரு விரிசல் காற்றைக் குடித்தது.

"பத்து நிமிஷம் போச்சு" என்றான் பெர்னாபே.

"கடிபட்டதை வெட்டிட்டு மிச்சத்தை மாட்டறேன்."

வெட்டினார். மிச்ச ஹோஸ் டேங்குக்கு எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது. இடையில் கோக்க ஒரு இரும்புக் குழாய்த் துண்டோ செம்புத் துண்டோ வேண்டும். கருவிப்பெட்டியைக் கவிழ்த்தார், துருப்பிடித்த நட்டுகளும் ஒரு மாதா படமும் விழுந்தன. இருபத்துநாலு வருஷமாக எதையும் வாங்கிப் போடாத பெட்டியில் வேறு என்ன இருக்கும்? டீசல் விரலில் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது.

வண்டிக்குள்ளிருந்து லிங்காயோ குரல் கொடுத்தார். "யானோ, நீ மட்டும் நடந்து போயிரு. என் தலையை எடுத்து எவன் என்ன பண்ணப்போறான்? உள்ள ஒரு பல்லுகூட இல்ல."

"பேசாம படுங்க அமா."

"ஆபரேஷன் பண்ண இடுப்பை வேணும்னா வெச்சுக்கட்டும்."

"வாயை மூடுய்யா" என்றாள் சுவாயா. அவள் முந்தைய நாள்தான் கணவரின் துணியெல்லாம் துவைத்துக் காயவைத்து, வீட்டுக்குப் போகிறோம் என்று பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

யானோ சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். எட்டாத ஹோஸின் நுனி முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தவர் எழுந்தார். "பின்னால எட்டாது. மேல எட்டும்."

"மேலன்னா?"

"ஓட்டுற இடத்துக்கு. கிளட்ச் மிதிக்கிற பலகையில ஓட்டை இருக்கு. அது வழியா ஹோஸை உள்ள ஏத்திட்டா, ஒரு கேன்ல டீசலை வெச்சு அதுக்குள்ள முக்கிரலாம். டேங்கே வேணாம்."

"கேன் எங்க?"

எல்லாரும் சுவாயாவைப் பார்த்தார்கள். அவள் காலடியில் நாலு லிட்டர் தண்ணீர்க் கேன். கேட்பதற்கு முன்பே அவள் அதைச் சாலையில் கவிழ்த்தாள். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் டீசலோடு போனாலும் காரியம் கெட்டது. தலைத்துணியை முறுக்கிக் கேனின் வாய்க்குள் நுழைத்து அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். யானோ டேங்கின் அடித்திருகைக் கழற்றி, முதலில் ஒரு கை டீசலை விட்டுக் குலுக்கிக் கொட்டினார். மறுபடி பிடித்து நிரப்பினார். அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து நாலு லிட்டர் ஒழுக ஒரு யுகம் ஆயிற்று. பெர்னாபே ஒரு தடவையும் அவசரப்படுத்தவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டான்.

ஹோஸ் ஓட்டை வழியாக மேலே வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவன் கேனை மடியில் வைத்துக்கொண்டால் நுனி சரியாக அதன் அடிவரைக்கும் எட்டியது. அதற்குமேல் ஒரு விரல்கூட நீளம் இல்லை. குண்டும் குழியுமான பாதையில் அது தானாக நிற்காது. ஒருத்தர் ஒரு கையால் கேனையும் மறு கையால் ஹோஸையும் பிடித்துக்கொண்டே வரவேண்டும். நுனி வெளியே வந்தால் காற்று, காற்று போனால் வண்டி நிற்கும்.

"நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் சுவாயா.

"பலகையை யாரு பிடிக்கறது இனா? முதல் வளைவுலயே அமா கீழ விழுந்துருவாரு."

பெர்னாபே ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தான். கேனை மடியில் வைத்து ஹோஸை உள்ளே அழுத்தினான். "பம்பை அடிங்க."

யானோ அடித்தார். திருகில் நுரை வந்தது. பிறகு நுரையும் டீசலும் கலந்து வந்தது. கடைசியில் நூல் பிடித்தாற்போல் சுத்தமான டீசல். திருகை முடுக்கிவிட்டு ஓடிவந்து சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது; இன்ஜின் இருமியது; பிடிக்கவில்லை. நாசில் நட்டுகளைத் தளர்த்தி மறுபடி சுற்ற, அங்கே மிச்சக் காற்று பொரிந்து வெளியே வந்தது. முடுக்கினார். நாலாவது தடவை சாவியைத் திருப்பியபோது செல்ஃப் முனகிவிட்டு அடங்கியது. பேட்டரி காலி. அந்தப் பேட்டரியையும் போன வருஷமே மாற்றியிருக்க வேண்டும்.

மணி பதினொன்று முப்பத்தாறு.

"பின்னால உருட்டுங்க" என்றான் பெர்னாபே.

ஏற்றத்தில் நிற்கிற வண்டியை முன்னால் தள்ள இரண்டு பேரால் ஆகாது. பின்னால் உருளவிட்டு ரிவர்ஸ் கியரில் பிடிக்கலாம். பின்னால் முப்பது அடியில் வளைவு. வளைவுக்கு அப்பால் ஆற்றுக்கு நேரே இறங்குகிற பாறை. இன்ஜின் ஓடாதபோது அந்த வண்டியின் பிரேக் பாதிதான் பிடிக்கும்.

"நீ இறங்கிக்க, பெர்னாபே."

"நான் இறங்கினா இதை உங்க மாதாவா பிடிப்பா?"

யானோ கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு ஏறினார். சிலுவை போட்டார். கைப்பிரேக்கை விட்டார். வண்டி முதலில் யோசித்தது, பிறகு உருண்டது. சுவாயா ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். பத்து அடி. இன்னும் வேகம் வேண்டும். பதினைந்து. கிளட்சை விட்டார். சக்கரம் கீச்சிட்டு வண்டி குலுங்கியது; இன்ஜின் ஒரு தடவை அடித்து அணைந்தது. கிளட்சை மிதித்தார். இருபது அடி. கண்ணாடியில் சாலை முடிந்து வானம்தான் தெரிந்தது. மறுபடி விட்டார். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றார். பின்சக்கரம் மண் ஓரத்தில் நின்றது.

ஹோஸ் நுனி டீசலுக்குள்ளேயே இருந்தது.

கிளம்பும்போது பதினொன்று நாற்பது. பாலத்துக்குப் பன்னிரண்டைத் தாண்டித்தான் போய்ச் சேர முடியும் என்று இருவருக்கும் தெரியும். யானோ ஓட்டினார், இருபத்துநாலு வருஷத்தில் அப்படி ஓட்டியதில்லை. குழியில் விழும்போதெல்லாம் லிங்காயோ அம்மா என்று அலறினார். பெர்னாபேயின் கால்சட்டையெல்லாம் டீசல் தளும்பி நனைந்தது. அவனுடைய இரண்டு கையும் கேனில்தான் இருந்தன. வெட்டுக்கத்தியை அவன் தொடக்கூட வேண்டாம். ஹோஸை இரண்டு விரல் மேலே தூக்கினால் போதும்.

பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. எவ்வளவு ஏறினாலும் பள்ளத்துக்கு அப்பால் மலாகிப் கோயிலின் தகரக்கூரை கண்ணுக்கு எதிரேயே நிற்கும். பாலத்துக்கு இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு கொண்டை வளைவில் யானோ கியரை மாற்றினார். இன்ஜின் சத்தம் தணிந்த அந்த ஒரு நொடியில் மணி அடித்தது. மூன்று அடி. நிறுத்தி மறுபடி மூன்று.

பின்னால் சுவாயாவின் ஜெபம் நின்றது.

யானோவின் கண் பெர்னாபேயின் கைக்குப் போனது. ஹோஸைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவன் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி தானாக மெதுவாயிற்று. யானோவின் கால் ஆக்ஸிலேட்டரை விட்டிருந்தது. என் பெண்களை இனிப் பார்க்கமாட்டேன் என்று நினைத்தார். மூத்தவளின் முகம் ஞாபகத்துக்கு வரவே மறுத்தது.

"ஏன் மனோங் மெதுவாப் போறீங்க?"

"பெர்னாபே... மணி..."

"இந்த ஓட்டை வண்டிச் சத்தத்துல எவனுக்கு என்ன கேக்கும்?" என்றான் பெர்னாபே. "ஓட்டுங்க."

பாலம் கண்ணில் பட்டது. அக்கரையில் லுமாயோங் ஆட்கள் ஒன்பது பத்துப் பேர், கத்தியும் இரண்டு துப்பாக்கியுமாக நின்றிருந்தார்கள். முன்னால் தியோ.

"இந்தப் பக்கமே நிறுத்துங்க. நான் இறங்கிடறேன்."

"நிறுத்தினா திரும்ப எடுக்காது. பேட்டரி இல்ல" என்றார் யானோ. சொன்ன பிறகுதான் தான் என்ன கேட்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. இனி அந்தப் பாலத்துக்கு அப்பால் பெர்னாபேயின் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை.

பெர்னாபே அக்கரையில் நின்றவர்களை ஒரு தடவை எண்ணினான். "சரி, போங்க."

பலகைகள் தடதடக்க வண்டி பாலத்தைக் கடந்து சமதரையில் நின்றது. யானோ இன்ஜினை அணைத்தார். ஆற்றின் இரைச்சல் காதை அடைத்தது. ஓடிவந்தவர்கள் முன் இருக்கையில் இருப்பவனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

"பெர்னாபேடா இது" என்றான் துப்பாக்கி வைத்திருந்த ஒருவன். போனை எடுத்து நீட்டினான். "பன்னெண்டு ஒன்பது. தானா வந்து மாட்டியிருக்கான்."

யானோ இறங்கிச் சுற்றிவந்து பெர்னாபேயின் பக்கத்துக் கதவுக்கு முன்னால் நின்றார். "மணி இன்னும் அடிக்கல."

"போன்லயே போட்டிருக்கு, மனோங்."

"செய்தியில உன் போன் மணின்னா சொன்னாங்க? கோயில் மணின்னு சொன்னாங்க. அந்த மலையைச் சுத்திக்கிட்டு வர்றவன் நானு. எனக்குக் கேக்கல. ஆத்துச் சத்தத்துல நிக்கற உனக்குக் கேட்டுச்சா?"

வண்டிக்குள்ளிருந்து சுவாயா தலையை நீட்டினாள். "எனக்கும் கேக்கல. காது எனக்கு நல்லாத்தான் இருக்கு. பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பத்திப் பேசினது பூராவும் கேட்டுச்சு."

"அடிச்சிருந்தா நான் எழுந்து முழங்கால் போட்டிருக்க மாட்டேனா?" என்றார் இடுப்பு உடைந்த லிங்காயோ.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தியோவைப் பார்த்தார்கள். அண்ணன் பொய் சொன்னால் மூக்கைச் சொறிவான் என்று தியோவுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். யானோ மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் டீசல்.

தியோ அண்ணனின் மூக்கையே பார்த்தான். பிறகு தன் கத்தியை உறையில் போட்டான். "மணி அடிக்கல. மூணு பேரு சொல்லியாச்சு. வழி விடுங்க."

பெர்னாபே கேனைக் கவனமாக இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான். யானோ அவனுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவில் வருகிறாற்போல் அவன் முதுகை ஒட்டியே நடந்தார். பாலத்தின் நடுவுக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள். அதற்குமேல் யானோ போக முடியாது.

இப்போதும் கேட்காவிட்டால் அப்புறம் தான் மனுஷனே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. "ஹோமர் எப்படி இருக்கான், பெர்னாபே?"

பெர்னாபே கையைக் கால்சட்டையில் துடைத்தான். அது டீசலில் நனைந்திருந்தது. துடைக்கத் துடைக்கக் கை சுத்தமாகவில்லை.

"காலையில நாலு மணிக்குப் போயிட்டான். உடம்பைக் கொண்டுவர்ற வண்டிக்குத்தான் அந்தச் சுவத்துல உக்காந்திருந்தேன். இந்நேரம் வந்திருக்கும்."

யானோ அவன் பக்கம் நகர்ந்தார்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க, மனோங்" என்றான் பெர்னாபே. குரலில் கோபம் இல்லை. "வந்தா எனக்கு மணி கேக்கும்."

அவன் தன் பக்கத்துக் கரை ஏறி, வளைவில் திரும்பி, மறைகிறவரை யானோ அங்கேயே நின்றார். பின்னால் தியோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். திரும்பி ஓர் அடி வைத்தார். பாலத்துப் பலகையிலேயே உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு வயது மனுஷர், ஊர் பார்க்க வாய்விட்டு அழுதார்.